மேல்தகடு இல்லாத மடிப்புக் கதவு

நடந்தது இதுதான்:

1. தன்னாமுனையில் ஒரு வீட்டில், பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்த ஒருவர் ஷவரில் குளிக்கும்போது வழுக்கி விழுந்தார்.
2. ஷவர் மூலையை மூடியிருந்த மடிப்புக் கதவு உள்பக்கமாக மடியும் வகை. அவர் அதன்மேல் சாய்ந்து கிடந்ததால் வெளியிலிருந்து எவ்வளவு தள்ளியும் அது மடியவில்லை.
3. பக்கத்து வீட்டுக்காரர் அலவாங்குக் கம்பியோடு ஓடிவந்து கதவை உடைத்து அவரை வெளியே எடுத்தார். எலும்பு எதுவும் முறியவில்லை.
4. அன்றிலிருந்து அவர் அந்தக் குளியலறைக்குள் போகவில்லை. அவரிடம் மிச்சமிருந்த பேச்சும் நின்றுபோனது.
5. சுவிஸில் இருக்கும் மகள், புதுக் கதவு போடச் சொல்லி எங்கள் பட்டறைக்கு போன் எடுத்தார்.
6. கதவைப் பொருத்தினோம். அதில் ஒரு பாகத்தை மட்டும் பொருத்தாமல் திரும்பக் கொண்டுவந்தோம்.

ஆறாவது வரியைப் பற்றித்தான் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். அடுத்த மாதத்திலிருந்து நான் பட்டறைக்குள் வரைபட வேலைக்கு மாறுகிறேன். அளவு நாடாவோடு வீடு வீடாகப் போகப் போகிறவர்கள் நீங்கள். திறப்பின் அகலத்தை மேலும் நடுவிலும் கீழும் அளப்பது, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது, உவர்த்தண்ணீர் உள்ள வீட்டுக்கு எந்தத் திருகாணி என்பதெல்லாம் பயிற்சியில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். அளவு சரியாக இருந்தும் கதவு பிழையாகப் போகக்கூடிய இடங்கள் உண்டு. அப்படி ஒன்றைச் சொல்கிறேன்.

அளவெடுக்க நானும் றிஸ்வான் நானாவும் போனோம். நானாவை உங்களுக்குத் தெரியும், பொருத்துகிற வேலையில் எங்கள் பட்டறையின் மூத்த கை. வீட்டுக்காரி திரேசா அன்ரி வாசல் படலையிலேயே காத்திருந்தார். உடைந்த பழைய கதவு முற்றத்தில் கோழிக்கூட்டின் மேல் மழைக்கு மறைப்பாகக் கிடந்தது.

"வாங்க மகள். பாத்தீங்களா, கோழிக்காவது உதவுது" என்றார் அன்ரி.

அவருடைய கணவர் அலோசியஸ் அங்கிள் ஹோலில், வாசலைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். இடது கை மடியில் கிடந்தது, வலது கையில் ஊன்றுகோல். மட்டக்களப்புக்கும் வாழைச்சேனைக்கும் ஓடும் பஸ்ஸில் காலமெல்லாம் கொண்டக்டராக இருந்தவர். அந்த வீதியில் பள்ளிக்கூடம் போனவர்கள், சந்தைக்குப் போனவர்கள், வழக்குக்காகக் கோட்டுக்கு அலைந்தவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். றிஸ்வான் நானா உள்ளே கால்வைத்ததுமே சொன்னார்:

"கொண்டக்டர் ஐயா, என்னய மறந்திருப்பீங்க. மிச்சக் காசு கேட்டு ஏறாவூர் வரைக்கும் உங்களோட சண்ட புடிச்ச பொடியன் நான்தான்."

அங்கிளின் உதட்டில் ஒரு பக்கம் சிரித்தது.

மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் போன் நிறுத்தி வைத்திருந்தது. அதற்குள் மகள் ஜெனிற்றா இருந்தார். எங்கள் பக்கத்தில் இது நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகும் காட்சி. வேலை தருகிறவர் பாதி வீடுகளில் வீட்டுக்குள் இருக்கமாட்டார், போனுக்குள் இருப்பார். போன் குளியலறைக்குள் வரும், சுவரைப் பார்க்கும், குழாயைப் பார்க்கும். நாமும் நம்மை அறியாமலே போனைப் பார்த்துக் கதைக்கத் தொடங்குவோம். போனுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் வெறும் போன் தூக்கும் கையாகிவிடுவார்கள். நம் தொழிலில் இந்த ஊருக்கே உரிய பிழை இது. நல்ல வேலைக்காரர்களும் இதில் விழுகிறார்கள்.

ஜெனிற்றா அக்கா நல்ல மனிதர். தெளிவாகக் கேட்டார். "கண்ணாடியில, மடிக்கிற கதவு. நிலத்திலருந்து சீலிங் வரைக்கும் முழுசா மூடியிருக்கோணும். படம் அனுப்பியிருக்கன், பாத்தீங்கதானே?"

அன்ரி போனுக்குக் கேட்காதபடி என் காதோடு சொன்னார்: "எனக்கெண்டா ஒரு திரச்சீலையே போதும் மகள். திரச்சீல ஆளப் போட்டு நெரிக்காதுதானே."

இரண்டு பேர் இரண்டு கதவு கேட்டாயிற்று. குளிக்கப்போகிறவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் அங்கிளுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். "அங்கிள், உங்களுக்கு எப்பிடி வேணும்? கதவா, திரைச்சீலையா, ஒண்டும் வேணாமா?"

அன்ரி உடனே, "அவரால சொல்ல ஏலாதே" என்றார். நான் அங்கிளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். பேச்சு வராதவரிடம் கேள்வி கேட்டால் அந்த இடைவெளி நீளமாகத்தான் இருக்கும். அதை நீங்கள் நிரப்பப் போகாதீர்கள்.

அவர் ஊன்றுகோலை அழுத்தி எழுந்தார். காலை இழுத்து இழுத்துக் குளியலறை வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே கால்வைக்கவில்லை. வலது கையை நீட்டி, இல்லாத கதவு ஒன்றைப் பிடித்து, இழுத்து மூடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாருங்கவன் இந்தாளை!" என்று அன்ரி கையை இடுப்பில் வைத்தார். "வாழ்நாளெல்லாம் கதவு சாத்தாத பஸ்ஸில தொங்கிக்கிட்டுப் போனவரு. இப்ப கதவு வேணுமாம்!"

அங்கிளின் தோள் குலுங்கியது. சிரிப்பு வந்தது, சத்தம் வரவில்லை.

அப்படியானால் கதவுதான். விழுந்த நாளிலிருந்து அன்ரி அவரைப் பின்வளவுக் கிணற்றடியில் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, இடுப்பில் கட்டிய சாரத்தோடு தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் ஒழுங்கை. போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்ன கொண்டக்டர், சுகமா?" என்று அன்பாகத்தான் கேட்டார்கள். அந்த அன்பு அவருக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. கதவு கேட்ட கையில் அது தெரிந்தது. மறுபடி தனியாக, மூடிக்கொண்டு, தன் கையால் குளிக்கவேண்டும். அந்த வீட்டில் நாங்கள் செய்யவேண்டியிருந்த வேலை அதுதான்.

அடுத்ததாக, பாவிக்கும் ஆளுக்கு உதவி தேவைப்படும் எந்த வீட்டிலும் நான் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "அவர் உள்ளுக்கு நிக்கேக்க நீங்க எங்க நிப்பீங்க, அன்ரி?"

"குசினியில."

"அவருக்கு ஒண்டெண்டா எப்பிடித் தெரியும்?"

அன்ரி போன் இருந்த பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பக்கவாதத்துக்குப் பிறகு அங்கிளுக்குச் சொற்கள் அகப்படவில்லையாம். தண்ணீர் வேண்டும் என்றால் தண்ணீர் என்ற சொல் வராது. மனைவியின் பெயர் வராது. ஆனால் ஒருநாள் ஷவரின் கீழ் நின்றபடி, தெளிவாக, பழைய குரலில், பஸ் நிறுத்தங்களை வரிசையாகக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளையிடம் அன்ரி கேட்டிருக்கிறார். நாள்தோறும் வரிசையாகச் சொல்லிப் பழகியவை இப்படி முழுசாகத் திரும்பி வருவதுண்டு, அதை நிறுத்தவேண்டாம், சொல்லச் சொல்ல நல்லது என்று அந்தப் பிள்ளை சொன்னாராம்.

"அதுதான் மகள் எனக்கு மணிக்கூடு" என்றார் அன்ரி. "பிள்ளையாரடியில தண்ணியத் திறப்பாரு. தன்னாமுன வந்தா ஒருக்கா இருமுவாரு, சொந்த வீட்டத் தாண்டிப் போறாரெல்லா. ஏறாவூரில உடம்புக்குச் சவுக்காரம். செங்கலடியில தல. கிரான் வந்தா குழாயப் பூட்டுவாரு, நான் தேத்தண்ணிக்குக் கேத்தில வைப்பன். வாழச்சேனையில சாரத்த மாத்திக்கிட்டு வெளிய வருவாரு."

"விழுந்த அண்டைக்கு?"

அவர் அடுப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். "சித்தாண்டி எண்டாரு. நான் மீன் கழுவிக்கிட்டு நிண்டன். அதுக்கங்கால முறக்கொட்டாஞ்சேன வரணும். வரல்ல. அப்பிடியே போட்டுட்டு ஓடினன்."

விழுந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. வராமல்போன ஓர் ஊரின் பெயர்தான் கேட்டது.

"விழுந்தது எப்பிடியெண்டு ஜெனிற்றாவுக்குத் தெரியாது" என்றும் சொன்னார். "அந்தக் கதவு அவள் வாங்கித் தந்தது. அதுக்குள்ள இந்தாளு நெரிஞ்சு கிடந்ததச் சொன்னா அங்க இருந்து அழுவாள். வழுக்கிச்சு, கதவு உடைஞ்சிச்சு, தூக்கி விட்டம் எண்டு மட்டும்தான் சொன்னன். நீங்களும் வாயத் திறக்கக் கூடா."

வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன். அந்த வாக்கு பின்னால் எனக்குச் சிக்கலானது.

எந்தக் கதவு என்று தீர்மானிப்பது கடினமாக இருக்கவில்லை. வெளிப்பக்கமாக மடியவேண்டும். உள்ளே ஆள் விழுந்து கிடந்தாலும் வெளியிலிருந்து இழுத்தால் திறக்கவேண்டும். ஒரு கையால், அதுவும் வலது கையால், மூடவேண்டும். அதற்குக் கண்ணாடி பாரம். வெளியே மங்கலாக மட்டும் தெரியும் அக்ரிலிக் தகடு போதும். தண்ணீர் வெளியே வராமலிருக்கத் தரையில் கட்டியிருந்த சின்ன வரம்பு இடது காலைத் தடுக்கும், ஆகவே அதை உடைத்துத் தரையைச் சரிவாக்க மேசனைப் பிடிக்கவேண்டும். வெளிப்பக்கம் மடியும் கதவிலிருந்து தண்ணீர் வெளியே சொட்டும், அதற்கு வழுக்காத விரிப்பு ஒன்று போடவேண்டும். கண்ணாடி வேண்டாம் என்றதும் ஜெனிற்றா அக்கா உடனே ஒத்துக்கொண்டார். திரைச்சீலை ஈரத்தில் உடம்போடு ஒட்டும், தடுமாறினால் பிடிக்க எதுவும் இராது என்றதும் அன்ரியும் ஒத்துக்கொண்டார்.

மேல்தகடு விஷயத்தில்தான் முட்டி நின்றோம்.

கதவின் மேல்சட்டத்துக்கும் சீலிங்குக்கும் இடையில் ஒரு கை நீள இடைவெளி வரும். அதை மூடி ஒரு தகடு, சுற்றிவர ரப்பர் பட்டி. அது கட்டாயம் வேண்டும் என்றார் ஜெனிற்றா அக்கா. இடைவெளி இருந்தால் ஆவி வெளியேறும், காற்று வரும் என்றேன்.

"காத்தாடி ஒண்டு போடுங்க. ஆனா மூடத்தான் வேணும்."

"அக்கா, உள்ளுக்கு நடக்கிறது அன்ரிக்குக் கேக்க வேணுமே?"

அவர் திரைக்குக் கிட்ட வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேக்கக் கூடாதெண்டுதான் மூடச் சொல்றன். அப்பா உள்ளுக்க பஸ் ஓட்டுறாரெண்டு உங்களுக்கு அம்மா சொல்லியிருப்பா. போன முறை பெருநாளுக்கு வீட்டுக்கு வந்த ஒருத்தர் ஹோலில இருந்துகொண்டு அத ரெக்கோட் பண்ணிக் குடும்பக் குறூப்பில போட்டவர். எல்லாரும் சிரிக்கிற பொம்மையா அனுப்பிக்கிட்டிருந்தாங்க. பிள்ளையள் எல்லாம் 'ஏறாவூர், ஏறாவூர்' எண்டு வொய்ஸ் அனுப்பினதுகள். என்ட அப்பா அவர். அவர் குளிக்கிறது ஊருக்குக் கேக்கத் தேவையில்ல."

"சிரிச்சவன் சிரிச்சிட்டுப் போறான். உனக்கென்னகா?" என்றார் அன்ரி.

"எனக்கு இருக்கும்மா."

இதில் யார் பிழை? எவருமில்லை. மகள் தகப்பனின் மானத்தைக் காக்கக் கதவு கேட்டார். தாய் அவருடைய உயிரைக் காக்கக் காது வைத்திருந்தார். நடுவில் இருந்த உண்மையைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.

பட்டறைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். "கேட்டதச் செஞ்சு குடுங்க பிள்ள. அக்ரிலிக்குக்குள்ளால சத்தம் வராமலா போகப்போவுது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு மெல்லிய தகடு எவ்வளவைத் தடுக்கும் என்று எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாத இடத்தில் வாதாடக் கூடாது, சோதித்துப் பார்க்கவேண்டும். மேல்தகட்டோடு சேர்த்தே எல்லாவற்றையும் எடுப்பித்தோம். ஆனால் றிஸ்வான் நானாவிடம் ஒன்று சொல்லிவைத்தேன்: கதவை முழுசாகப் பொருத்துவோம், மேல்தகட்டை மட்டும் ஒட்டாமல், சும்மா ரப்பர் பட்டியில் இறுக்கி நிறுத்துவோம். சிலிக்கன் பூசுவது கடைசி வேலை.

"ஏன், தங்கச்சிக்கு என்னத்திலயோ சந்தேகம்" என்றார்.

"ஓம், நானா."

"அப்ப எனக்கும் சந்தேகம்தான்."

மேசன் வேலை முடிந்து, சட்டத்தின் சிலிக்கன் காய்ந்தபின், கையளிக்கும் நாள் வந்தது. மாதாவுக்குப் பக்கத்தில் போன் தயாராக நின்றது. ஜெனிற்றா அக்கா வேலைக்கு லீவு போட்டிருந்தார். கதவு அழகாக மடிந்தது, அழகாக மூடியது. மேல்தகடு சீலிங்கைத் தொட்டுக்கொண்டு நின்றது. திரையில் அவர் முகம் மலர்ந்தது.

"சரியா நான் கேட்ட மாதிரி. நன்றி."

அந்த இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கதவு முறையான கதவு, கேட்டது கேட்டபடி.

"அக்கா, ஒரு சோதனை மிச்சமிருக்கு" என்றேன். "அங்கிள் ஒரு தரம் குளிச்சுப் பார்க்கட்டும். நீங்களும் பாத்துக்கொண்டு இருங்க."

அவர் உள்ளே போவாரா என்பதே யாருக்கும் தெரியாது. விழுந்தபின் அந்த வாசலைத் தாண்டாதவர். சாரத்தோடு வந்தார். வரம்பு இருந்த இடத்தில் நின்று, ஊன்றுகோலால் தரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு றிஸ்வான் நானாவிடம் ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டு, சுவரில் நாங்கள் போட்டிருந்த பிடியைப் பிடித்து உள்ளே கால்வைத்தார். வலது கையை நீட்டிக் கதவைப் பிடித்தார், இழுத்தார். கதவு மூடியது. நானா ஷவர் மூலைக்கு வெளியே, குளியலறைக்குள்ளேயே நின்றுகொண்டார், ஏதும் நடந்தால் பிடிக்க. நானும் அன்ரியும் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குப் போனோம். அன்ரியின் கையில் போன்.

தண்ணீர் திறக்கும் சத்தம் வந்தது. காத்தாடி இரைந்தது. வேறெதுவும் இல்லை.

அன்ரி கேத்திலைக் கையில் எடுத்தார், வைத்தார். "ஒண்டும் கேக்கல்ல."

"கதைக்காம குளிக்கிறாரோ என்னவோ" என்றார் ஜெனிற்றா அக்கா போனுக்குள்ளிருந்து.

"இரிக்கலாம்" என்றார் அன்ரி.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம். அன்ரி குசினி வாசலுக்கு நகர்ந்தார், பிறகு ஹோலுக்கு, பிறகு குளியலறைக் கதவுக்கு. காதை வைத்தார். "ஒண்டும் கேக்கல்லகா. தண்ணி மட்டும்தான்." அவருடைய முகத்தைப் போனும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தை மகள் அதுவரை பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். விழுந்த நாளில் போன் எங்கோ கிடந்திருக்கும்.

"அம்மா, ஏன் இப்பிடி நிக்கிறீங்க? அப்பாவக் கூப்பிடுங்க. அம்மா, திறந்து பாருங்க!"

நான் கதவைத் திறந்தேன். றிஸ்வான் நானா ஷவர் மூலைக்குப் பக்கத்தில் நிம்மதியாக நின்றார். வாயில் விரலை வைத்து எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "கூப்பிடுறாரு. நான் பக்கத்தில நிண்டே பாதிதான் விளங்குது. பிள்ளையாரடியிலருந்து தொடங்கிட்டாரு, மெல்ல மெல்லத்தான் போறாரு."

அன்ரி சுவரில் சாய்ந்துவிட்டார். "பேசுறாரா?"

"பேசுறாரு அம்மா."

விழுந்ததிலிருந்து ஒரு சொல் பேசாதவர், கதவு மூடியதும் பேசத் தொடங்கியிருக்கிறார். கேட்கவேண்டியவருக்குத்தான் கேட்கவில்லை.

நான் ஏணியைப் போட்டேன். "அங்கிள், மேல ஒரு சின்ன வேல, பயப்படாதீங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நானும் நானாவுமாக மேல்தகட்டை ரப்பரிலிருந்து இழுத்துக் கழற்றிக் கீழே இறக்கினோம். காத்தாடியை நிறுத்தினேன். ஜெனிற்றா அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்ல உள்ளே ஆள் இருந்தார்.

முதலில் ஓர் இருமல் வந்தது.

பிறகு, ஹோல் முழுக்க: "மயிலம்பாவெளி! ஏறாவூர், ஏறாவூர்! இறங்குற ஆக்கள் முன்னுக்கு வாங்க!"

அந்தக் கடைசி வசனம் அன்ரிக்கே புதிது. வாயைப் பொத்திக்கொண்டார். றிஸ்வான் நானா, "இப்பவும் மிச்சக் காசு தரமாட்டாரு போல" என்று முணுமுணுத்தார்.

"செங்கலடி! கொம்மாதுறை! வந்தாறுமூலை!"

போனுக்குள் ஜெனிற்றா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்ரிக்கு அது தாங்கவில்லை. அழாதே என்று சொல்ல வந்தவர், வேறொன்றைச் சொல்லிவிட்டார். "இதக் கேட்டுத்தாண்டி நான் அண்டைக்கு ஓடினன். சித்தாண்டியோட நிண்டுட்டு. அதாலதான் தெரிஞ்சிச்சு."

"என்னம்மா சொல்றீங்க?"

"கதவுக்குள்ள நெரிஞ்சு கிடந்தாருடி. உடைச்சுத்தான் எடுத்தம்."

உள்ளே பஸ் போய்க்கொண்டிருந்தது.

"மாவடிவேம்பு! சித்தாண்டி!"

நின்றது.

தண்ணீர் மட்டும் விழுந்தது. அன்ரியின் கை என் தோளைப் பிடித்தது. நான் ஷவர் கதவின் வெளிப்பிடியில் கையை வைத்தேன். தகட்டுக்குப் பின்னால் மங்கலாக அவருடைய உருவம் தெரிந்தது. அவர் விழுந்திருக்கவில்லை. பிடியைப் பிடித்தபடி நேராக நின்றார், அசையாமல் நின்றார். இழுத்தால் கதவு திறக்கும், அதற்காகத்தானே அந்தக் கதவு. ஆனால் நிற்கிற மனிதரிடமிருந்து கதவைப் பறித்தால், அவர் இனி அதை ஒருபோதும் மூடமாட்டார் என்றும் தோன்றியது. கையை எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

அப்போது போனுக்குள்ளிருந்து, கரகரத்த குரலில், ஆனால் பலமாக:

"றைட்! போகலாம்!"

அன்ரி திடுக்கிட்டுப் போனைப் பார்த்தார். ஜெனிற்றா அக்கா திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு மறுபடி கத்தினார்: "அப்பா! போகலாம், றைட்!" பள்ளிக்கூடக் காலத்தில் சாரதிக்குப் பின்னால் இருக்கையில் இருந்து அவர் சொல்லும் சொல்லாம் அது. பிறகு அன்ரி எனக்குச் சொன்னார். அவர் சொல்லாமல் அந்த பஸ் பள்ளிக்கூட வாசலிலிருந்து நகராதாம்.

மேலே திறந்திருந்த இடைவெளியால் அந்தக் குரல் உள்ளே போயிருக்கவேண்டும்.

"முறக்கொட்டாஞ்சேனை" என்றது உள்ளேயிருந்து, கொஞ்சம் நடுக்கத்தோடு. பிறகு நடுக்கமில்லாமல், "சந்திவெளி! கிரான், கிரான்!"

குழாய் பூட்டும் சத்தம் கேட்டது. அன்ரி என் தோளை விட்டுவிட்டுக் கேத்திலை வைக்க ஓடினார்.

வாழைச்சேனையில் கதவு மடிந்தது. அங்கிள் உலர்ந்த சாரத்தோடு, தலையில் துவாயோடு நின்று, எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார், டிக்கட் எடுக்காத ஆட்களைப் பார்ப்பதுபோல. ஜெனிற்றா அக்கா மேல்தகட்டைப் பற்றிப் பிறகு ஒரு வசனம்தான் சொன்னார்: "அத நீங்களே கொண்டு போங்க."

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். போனுக்குள் இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள், அவருக்கும் அந்த வீட்டில் அக்கறை உண்டு. ஆனால் கதவைத் தொடப்போகும் கையிடமும் கேளுங்கள், வெளியே நிற்கப்போகும் காதிடமும் கேளுங்கள். மூவரும் ஒத்துவராவிட்டால் நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். சிலிக்கன் பூசுமுன் ஒரு தரம் பாவித்துப் பார்க்க விடுங்கள். ஒட்டியதைப் பிரிப்பது கடினம், ஒட்டாததைக் கழற்ற ஓர் ஏணி போதும். ஒரு வீட்டில் யாராவது ஒன்றைச் சொல்லவேண்டாம் என்று உங்களிடம் கேட்டால், சொல்லாதீர்கள். அதைச் சொல்லவேண்டியவர்கள் சொல்வதற்கு இடம் மட்டும் விடுங்கள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது கதவு ஓடும் உருளைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். உவர்த்தண்ணீர் பட்டு ஒன்று இறுகத் தொடங்கியிருக்கிறது, மாற்றவேண்டும். அது உங்கள் வேலையாக வரும். அன்ரிக்கு ஒரு முறைப்பாடு இருந்தது.

"இந்தாளு இப்ப வாழச்சேனையில இறங்கிறல்ல மகள். அங்கால கிறுகி, திரும்பி மட்டக்களப்புக்கு வரத் தொடங்கிட்டாரு. தாங்கியில தண்ணி நிக்குதில்ல."

இன்றைய நிலை இது. கதவு வெளிப்பக்கம் மடிகிறது, ஒரு கையால் மூடுகிறது. மேல் இடைவெளி திறந்தே இருக்கிறது. மேல்தகடு பட்டறையில், வெட்டு மேசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அலோசியஸ் அங்கிள் தனியாகக் குளிக்கிறார். மனைவியின் பெயர் இன்னும் வரவில்லை.